கதை முடிந்து ஐந்து விநாடிக்குப் பிறகு

கண்ணாடிக்காரருக்குப் பேச வராது. ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு வருகிறவர்களிடம் மேல பாருங்க, கீழ பாருங்க, மூக்குல அழுத்துதா, காதுல உரசுதா என்று நாள் பூராவும் வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன்தான். ஆனால் போனைக் காதில் வைத்தால் போச்சு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "ம்", "சரி", "ஆமா", "அப்புறம்?" இந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐந்து வருஷமாக ஒரு பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியிருக்கிறார் என்றால் பாருங்களேன்!

அந்தப் பெண்டாட்டி கடல் தாண்டி இருக்கிறார். நர்ஸ். தெருவே அவரை சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, நடக்க வைத்து, நடக்க முடியாதவர்களைத் திருப்பிப் படுக்க வைத்து, இப்படி ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். மூன்று வருஷம் என்று சொல்லித்தான் போனார். மூன்று, ஐந்து ஆயிற்று. போனது இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவு. திரும்பி வருவதைப் பற்றித்தான் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கடையைச் சொல்லிவிடுகிறேன். அகலம் எட்டடி. இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, அதில் பிரேம்கள். பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷின், ஒரு ஸ்டூல், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் ஒரு குழாய். லென்ஸைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் பிரேமின் அளவுக்குத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும். இருபது வயதில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர். இப்போது ஐம்பத்திரண்டு. அவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. உடைந்த பிரேம், பிரேமின் ஒற்றைக் காதுக் கம்பி, துருப்பிடித்த திருகாணி எல்லாம் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருப்பார். பக்கத்துக்கடை ஜெராக்ஸ்காரர், "இந்தக் கடையில குப்பைக்கூடையும் ஒரு அலமாரிதான்" என்று கேலி செய்வார்.

சின்ன வயதிலிருந்தே கதை எழுதுவார். நோட்டு, பேனா என்று எதுவும் பெரிதாகக் கிடையாது. கண் டாக்டர் பவர் எழுதிக் கொடுக்கிற சீட்டு இருக்கிறதே, அதன் பின்பக்கம்தான். அடுத்தவர் கண்ணாடியை ஒரு வாரம் மாற்றிப் போட்டுக்கொண்டு அவருடைய வீட்டுக்கே போய்ச் சேர்ந்த கிளார்க். பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கி ஏறும் ஒரு அம்மா. இப்படிச் சின்னச் சின்னக் கதைகள். யாரிடமும் காட்ட மாட்டார்.

காட்டாமலே ஒருத்தர் கையில் மாட்டிக்கொண்டதுதான் கூத்து. ஒரு நாள் ஒரு நர்ஸ் பெண் கண்ணாடி வாங்கிக்கொண்டு போனாள். தவறிப்போய், கதை எழுதின சீட்டு அந்தக் கண்ணாடி டப்பாவுக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் ஷட்டர் தூக்கும்போதே வாசலில் வந்து நிற்கிறாள். பவர் சரியில்லையோ என்று இவர் கண்ணாடியை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினார். அவளோ சீட்டை நீட்டி, "அந்தக் கிளார்க் உள்ள போனானா, இல்லையா? மீதி எங்க?" என்று கேட்டாள். மீதி எழுதப்படவே இல்லை. உட்கார்ந்து எழுதித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் கல்யாணம்தான், வேறென்ன!

கல்யாணமான பிறகு கதையெல்லாம் அவர் எழுதுவதும் அவள் சத்தமாகப் படிப்பதுமாக ஆகிவிட்டது. ஒரே ஒரு தடவை அவரே படித்துக் காட்டினார். பாதியில் பிடுங்கிக்கொண்டாள். "உங்க கதையை உங்க வாயால கேட்டா கொட்டாவி வருது. குடுங்க இங்க." அன்றிலிருந்து அவர் எழுதும்போதே அவள் குரலில்தான் வாக்கியங்கள் வரும். இதைச் சொன்னால் வெட்கப்படுவார், ஆனால் உண்மை அதுதான்.

அவள் வெளிநாடு போன முதல் ஆறு மாசம் ஒரு வரி எழுதவில்லை. அங்கிருந்து அவள்தான் சத்தம் போட்டாள். "எழுதறீங்களா இல்லையா? போட்டோ எடுத்து அனுப்புங்க. நான் படிச்சுப் பதிவு பண்ணி அனுப்பறேன்." இவர் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பினார். இல்லத்தில் போர்வையும் தலையணை உறையும் அடுக்கிவைக்கிற அறை ஒன்று உண்டு. சுற்றிலும் துணியாக இருப்பதால் குரல் எதிரொலிக்காது. அவளுடைய இடைவேளையில் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் பிஸ்கட்டுமாகப் படித்து அனுப்பினாள்.

மகள் அப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், ஆனாலும் பாப்பாதான். அவள்தான் சொன்னாள். "அப்பா, இதை வீடியோவாப் போடலாம்பா. அம்மா குரல், உங்க கதை. படம் மட்டும் நீங்க எடுங்க." அப்படித்தான் அந்தச் சேனல் ஆரம்பித்தது. பெயர் மத்தியானக் கதை. மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான், அப்போதுதான் அவருக்கு வேலை நடக்கும். லென்ஸில் தண்ணீர் வழிவதை, எதிர்ச்சுவரில் வெயில் இறங்குவதை, ஜெராக்ஸ் கடையில் காகிதம் ஒவ்வொன்றாக வந்து விழுவதை எல்லாம் போனில் படம் பிடிப்பார். அதன் மேல் அவள் குரல். முகமே கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆயிரத்து நானூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். "அக்கா குரல் அருமை" என்று கீழே எழுதுவார்கள். கதையை எழுதினவன் யார் என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. கதையைப் படித்து முடித்த பிறகு சிஸ்டரம்மா பதிவை நிறுத்த மறந்துவிடுவாள். வண்டி உருளுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம் என்று பத்து நிமிஷம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பதிவை வெட்டி ஒட்டுகிற ஆப்பில் பாப்பா ஒரு பட்டனைத் தட்டிவிட்டாள். ஐந்து விநாடிக்கு மேல் பேச்சில்லை என்றால் கதை முடிந்தது என்று அதுவே எடுத்துக்கொள்ளும், மீதியைக் காட்டாது. "இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்லப்பா" என்றாள். தொந்தரவு இல்லாமல்தான் போயிற்று.

இப்போது அவருடைய ஒரு கள்ளத்தனத்தைச் சொல்கிறேன். படிக்கும்போது நடுவில் அவள் தடுமாறுவாள் இல்லையா? தடுமாறினால் சும்மா இருக்க மாட்டாள், பேசுவாள். "ஐயய்யோ, மூச்சு முட்டுதுங்க, இந்த வாக்கியத்துக்கு முடிவே கிடையாதா?" "இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்." "இது என்ன எழுத்து? உங்க கையெழுத்துக்கு டாக்டருங்களே பரவால்ல." ஒரு தடவை ஒரு சொல்லில் நாலு முறை நாக்கு குழறி, விழுந்து விழுந்து சிரித்தாள். வீடியோவுக்கு இதையெல்லாம் வெட்டியாக வேண்டும். வெட்டினார். ஆனால் தூக்கிப் போட மனசு வருமா? தனியாக ஒரு இடத்தில் சேர்த்து வைத்து, அதற்கு 'வேஸ்ட்' என்று பெயரும் வைத்தார். மத்தியானத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்த வேஸ்ட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்.

ஏனென்றால் அவருக்கு என்று அவள் பேசுவது அது மட்டும்தான் என்று நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைப்பார்கள். பாப்பா பேசுவாள், வந்திருக்கிற சித்தி பேசுவாள், சித்தப்பா பேசுவார். எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு "அப்பா, பேசுங்கப்பா" என்பார்கள். இத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனுஷன் என்ன பேசுவார்? "ம். அப்புறம்?" என்பார். "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்பாள் அவள். "சரி" என்பார். முடிந்தது.

ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம் தடுமாறட்டும் என்று வேண்டுமென்றே வாக்கியத்தை நீட்ட ஆரம்பித்தார். அரைப்பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி. வாயில் நுழையாத சொல்லாகத் தேடிப் பிடித்து வரிசையாக வைப்பார். கீழே ஒருவர், "எழுத்தாளரே, முற்றுப்புள்ளிக்குப் பஞ்சமா?" என்று எழுதினார். ஜெராக்ஸ்காரர் நேராகவே கேட்டார். "ஏன்யா, நல்லாத்தானே எழுதிட்டிருந்தே? என்ன கேடு வந்துச்சு?" இவர் அசடு வழிந்தார். கதை கெட்டால் கெடட்டும், அவள் சிரித்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

அதுவும் நீடிக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவள் தடுமாறுவதை நிறுத்திவிட்டாள். எவ்வளவு நீட்டினாலும் ஒரே மூச்சில், ரேடியோவில் படிக்கிற மாதிரி, பிசிறில்லாமல் படித்து அனுப்பினாள். தேறிவிட்டாள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். இவர் மட்டும் ஒரு தடுமாற்றமாவது இருக்காதா என்று திரும்ப ஓட்டிப் பார்த்தார். இரண்டரை வருஷமாக வேஸ்ட்டில் புதிதாக ஒன்றும் சேரவில்லை.

இந்த நிலைமையில்தான் போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அவள் போனில் கேட்டாள். "அடுத்த ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. என்ன சொல்றீங்க?"

கூடத்தில் ஐந்து பேர். இவர் போனைப் பார்த்தார். வேண்டாம், வந்துவிடு என்று தொண்டை வரைக்கும் வந்தது. வீட்டில் அவளுடைய அலமாரிக் கதவை வாரத்துக்கு ஒரு தடவை சும்மா திறந்து மூடுகிறவர் அவர். அதை எப்படிச் சொல்வது? அவளுக்கு அங்கே இருக்கத்தான் பிடித்திருக்கிறதோ என்னவோ. நாம் ஒன்று சொல்லி அவள் ஆசையைக் கெடுப்பானேன்?

"உன் இஷ்டம்" என்றார்.

"சரிங்க" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நாற்பத்து மூன்றாவது கதை படித்து வந்து சேர்ந்தது. அதே வாரம் பார்த்து அவருடைய பழைய போன் கையை விரித்துவிட்டது. பாப்பா வேறு போன் வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, ஆப்பையும் புதிதாகப் போட்டுக் கொடுக்கப் புதன்கிழமை ஆகிவிட்டது. "அதேதாம்பா, கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டாள். பழைய ஆப்பில் தட்டிவிட்டிருந்த அந்த ஐந்து விநாடிப் பட்டனைப் புதிதில் தட்டிவிட மறந்துபோனாள்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டே கால். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போதும்போல அந்த ஆப்பிலேயே போட்டு, காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். கதை முடிந்தது. வழக்கமாக அந்த இடத்தோடு நின்றுவிடும். இன்று நிற்கவில்லை, குரலுக்கு ஏற்பத் துடிக்கிற கோடு திரையில் நேராக ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஓரிடத்தில் கோடு லேசாகத் துடித்தது. இருமலாக இருக்கும் என்று நினைத்தார்.

"என்னங்க" என்றது குரல்.

கதை படிக்கிற குரல் இல்லை. வீட்டுக் குரல்.

"திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். போன்ல கேட்டேன், உன் இஷ்டம்னுட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி கேட்டது என் தப்புதான். அதான் இங்க கேக்கறேன், கடைசித் தடவையா. என்னை வான்னு சொல்ல உங்களுக்குத் தோணவே இல்லையா? ஞாயித்துக்கிழமை நைசா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. சொல்லலைன்னா போட்டுடறேன்."

போனைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பேசினாளே! பாப்பாவின் போனில்தான் பேசினாள். "கதை வந்துச்சாங்க? முழுசாக் கேட்டீங்களா?" என்று கேட்டாள். கேட்டிருக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்லிக் காரணம் விளக்க யாரால் ஆகும் என்று "ம், கேட்டேன்" என்று சொல்லித் தொலைத்தார். திங்கள் போய் இன்று புதன்.

எத்தனை ஞாயிறு இதே கேள்வி கேட்டிருக்கிறாள்! முழுசாக் கேட்டீங்களா, கடைசி வரைக்கும் கேட்டீங்களா என்று. ஒவ்வொரு தடவையும் "ம்" என்றிருக்கிறார். பழைய பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. நான்தான் சொன்னேனே, எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை என்று. ஆப் மறைத்ததே தவிர அழிக்கவில்லை. முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, கதையைத் தள்ளிவிட்டு, கடைசிக்குப் போனார்.

முதல் இரண்டிலும் வெறும் கதவுச் சத்தம். மூன்றாவதில் ஆரம்பித்தது. "ஏங்க, நல்லாப் படிச்சேனா? தோள்வலி தேவலையா? மெஷின்கிட்டக் குனிஞ்சே உக்காந்திருக்காதீங்க."

ஏழாவதில், "இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு. உங்க பழைய ஸ்வெட்டரை எடுத்துட்டு வந்துட்டேன், தேடினீங்களா?" தேடினார். ஒரு மாசம் தேடினார்.

பன்னிரண்டாவதில் ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம், "எட்டாம் நம்பர் ரூம் ஐயா இன்னிக்குக் காலையில போயிட்டாரு. நான்தான் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். அவங்க வீட்ல இருந்து யாரும் வர முடியலை. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. போன்ல சொன்னா பாப்பா பயந்துடுவா. நீங்கதானே முதல்ல தனியா உக்காந்து கேப்பீங்க, அதான் உங்ககிட்ட." அழுகிறாள். போர்வையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். அது அவர் காதுக்கு வந்து சேர மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

பதினேழாவதைத் திறந்தார்.

"வரட்டுமாங்க? எனக்கு இங்க முடியலை. வேலை கஷ்டமில்லை, நீங்க இல்லாமதான் முடியலை. எல்லாத்தையும் விட்டுட்டு வரட்டுமா? போன்ல உங்களுக்குச் சொல்ல வராதுன்னு தெரியும். அடுத்த கதையில எங்கயாவது எழுதிடுங்க, போதும். நான் புரிஞ்சுக்குவேன்."

அடுத்த கதை. பதினெட்டாவது. அவருக்கு நினைவு வந்தது, நெற்றியில் அடித்துக்கொண்டார். கலங்கரை விளக்குக் காவலாளி ஒருவனைப் பற்றி எழுதியிருந்தார். தனியாக இருப்பதுதான் சுகம், யாரும் படியேறி வந்து தொல்லை செய்யாமல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறவன். அவ்வளவு நீளமான வாக்கியங்களை அதுவரை அவர் எழுதியதில்லை. பத்து இடத்திலாவது தடுமாறுவாள் என்று கணக்குப் போட்டு எழுதியது. ஒரு இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. கதைக்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"புரியுதுங்க."

அதற்குப் பிறகு வந்த கதைகளின் முடிவில் ஒன்றுமில்லை. கதை முடிந்ததும் டக்கென்று நிறுத்தியிருந்தாள். இருபத்து நாலு கதை அப்படி. நேற்று வரைக்கும் அவள் தேறிவிட்டதாகத்தானே எல்லாரும் நினைத்தோம்!

மணி மூன்று. அங்கே அவளுக்கு இடைவேளை நேரம். அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வழக்கம்போல விட்டிருப்பார். அழைத்துவிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள், பதறிக்கொண்டு.

"என்னங்க! பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு? நெஞ்சு வலிக்குதா? என்னன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"ஒண்ணுமில்ல. வா."

"என்னது?"

"வீட்டுக்கு வா. எனக்கு நீ வேணும்."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"குடிச்சிருக்கீங்களா?" என்றாள் மெதுவாக.

"டீகூடக் குடிக்கல. நீ கேட்டதுக்குத்தான் பதில் சொல்றேன்."

"நான் எப்போ கேட்டேன்?"

"பதினேழாவது கதைக்கு அப்புறம்."

"அது கேட்டு ரெண்டரை வருஷம் ஆச்சுங்க."

"எனக்கு இப்பதான் காதுல விழுந்துச்சு."

அப்புறம் சொன்னார். ஆப், பாப்பா, பழைய போன், ஐந்து விநாடி என்று தலையும் வாலும் இல்லாமல் கொட்டினார். வாழ்க்கையில் அவர் போனில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"அஞ்சு செகண்டா?"

"அஞ்சு."

"நான் பத்து எண்ணிட்டுத்தாங்க பேசுவேன். கதை வேற, நம்ம பேச்சு வேறன்னு இருக்கட்டுமேன்னு, கதை முடிஞ்சதும் கண்ணை மூடிட்டு ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எண்ணுவேன்." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "அப்போ அந்தக் கலங்கரை விளக்கு?"

"அது வெறும் கதைம்மா. நீ தடுமாறணும்னு நீளமா எழுதினேன், அவ்வளவுதான். தடுமாறினா எனக்கு ரெண்டு வார்த்தை கிடைக்கும்."

"அடப் பாவி மனுஷா! ரெண்டரை வருஷமா அந்தக் காவலாளியைத் திட்டிட்டிருக்கேன். படியேறி வந்து தொல்லை பண்ணாம இருந்தா போதும்னு எனக்குத்தான் எழுதியிருக்கீங்கன்னு நினைச்சு, அதை நானே என் வாயால படிச்சு, அதை ஊரெல்லாம் கேட்டு, அக்கா குரல் அருமைன்னு எழுதறாங்க. நல்லா இருப்பீங்க நீங்க!"

"கையெழுத்து?" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "முந்தாநாளே போட்டுட்டேன்."

"கிழிச்சுப் போட்டுடு."

"கிழிக்கறதுக்கு அது என்ன உங்க டாக்டர் சீட்டா? போட்டா போட்டதுதாங்க. ரெண்டு வருஷம். நடுவுல விட மாட்டாங்க, இங்க எத்தனையோ பேர் கேட்டுப் பாத்தாச்சு."

சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது அவருக்கு. பழக்க தோஷம். அதை விழுங்கினார்.

"சரியில்ல" என்றார். "எனக்கு இது சரியே இல்ல. முதல் வருஷமே வான்னு சொல்லியிருக்கணும். உன் அலமாரியைத் திறந்து திறந்து பாத்துட்டு மூடறேன். உன் புடவை ஒண்ணை எடுத்து மெஷின் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கேன், தூசி தட்டற துணின்னு பாப்பாகிட்டப் பொய் சொல்லி. ரெண்டு வருஷம் முடிஞ்சு ஒரு நாள் அதிகமா அங்க இருக்கக் கூடாது. கேட்டியா?"

"எந்தப் புடவை?"

"நீலம்."

"அதையா தொங்க விட்டிருக்கீங்க? எண்ணெய் பட்டா போகாதுங்க அது." அப்புறம் அவளே, "முதல்ல சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"வா" என்றார்.

"இன்னொரு தடவை."

"வா. வந்துடு."

அந்தப் பக்கம் எங்கோ மணி அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொள்வது கேட்டது. "மூணாம் நம்பர் அம்மா கூப்பிடறாங்க, தூக்கி உக்கார வைக்கணும். வெச்சிடாதீங்க. போனை இங்கயே போர்வை மேல வெச்சிட்டுப் போறேன். எவ்வளவு நேரமானாலும் வெச்சிடாதீங்க, வந்துடறேன்."

"வெக்க மாட்டேன். போய்ட்டு வா."

காலடிச் சத்தம் போயிற்று. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. தூரத்தில் ஏதோ வண்டி உருள்கிற மாதிரி இருந்தது, அதுவும் நின்றது. கண்ணாடிக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து முன்பக்கம் வந்தார். ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு டீச்சர் உள்ளே வந்தார். நேற்றே தருவதாகச் சொன்ன கண்ணாடி.

"ரெடியா சார்? மூணரைக்கு எனக்கு பஸ்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் உக்காருங்க டீச்சர்" என்றார். "வீட்ல பேசிட்டிருக்காங்க."

டீச்சர் உட்கார்ந்தார். போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, அது டீச்சருக்கே தெரிந்தது. மூன்றரை பஸ் போய்விட்டது. கண்ணாடிக்காரர் போனைக் கீழே வைக்கவில்லை.